பிரிட்ஜில் தேடியது நெக்கின் அடியில் இருந்தது: ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி உயரத்தைச் சரிசெய்த அனுபவம்

என்னிடம் இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் இன்னொருவர் கையில் சில வருடம் இருந்துவிட்டு என்னிடம் வந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், உடலோடு நான்கு ஸ்க்ரூவில் பூட்டிய நெக் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து), உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி சாடில், அதாவது கம்பி உட்காரும் சின்னத் தாங்கி. சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது, அதனால்தான் வாங்கினேன். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இடது கை ஓய்ந்துவிடும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், முதல் மூன்று ஃப்ரெட்டில் ஒன்றும் தெரியாது. ஏழாவதைத் தாண்டினால் கம்பியை அழுத்தவே தனிப் பலம் வேண்டும், பன்னிரண்டுக்கு மேலே போய் ஒரு பெண்டு போட்டால், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால், பக்கத்துக் கம்பி விரல் நகத்துக்கு அடியில் புகுந்துகொண்டு தானும் சேர்ந்து ஒலிக்கும். பயிற்சி போதவில்லை, இன்னும் கொஞ்ச நாள் வாசித்தால் விரல் பழகிவிடும் என்று எட்டு மாதம் விட்டுவிட்டேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: கை வலித்தால் விரலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்.

அளப்பது எளிது. கம்பிகளைச் சரியான சுருதிக்குக் கொண்டுவந்து, கிட்டாரை வாசிக்கும்போது பிடிப்பது போலவே பிடித்துக்கொண்டு, 12-வது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து அளந்தால் நெக்கின் எடை அளவைக் கொஞ்சம் மாற்றிவிடும். ஸ்கேலின் விளிம்பிலிருந்தே கோடு தொடங்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல்களில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அதை வைத்து அளந்தால் எல்லாமே தப்பாகும். ஸ்கேல் சரியில்லையென்றால் 1.5 மி.மீ., 2 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைக் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பார்த்தாலும் போதும்.

என் கிட்டாரில் ஆறாவது கம்பி, அதாவது தடித்தது, 3.2 மி.மீ., முதல் கம்பி, அதாவது சன்னமானது, 2.7 மி.மீ. இது எவ்வளவு அதிகம் என்று தெரிய ஓர் ஒப்பீடு: கிப்சன் கிட்டார்களுக்கு 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., சன்னக் கம்பிக்கு 1.2 மி.மீ. என்பது வழக்கமான அளவு. ஃபெண்டர் நிறுவனம் 17-வது ஃப்ரெட்டில் அளக்கச் சொல்கிறது, இன்றைய நெக்குகளுக்கு அங்கே ஏறக்குறைய 1.6 மி.மீ. அப்படிப் பார்த்தால் என் முதல் கம்பி இருக்க வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

சரி, சாடிலை இறக்கினால் முடிந்தது என்று ஆலன் கீயை எடுத்தேன். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அவற்றைத் திருப்பினால் சாடில் ஏறும், இறங்கும். சில கிட்டார்களில் அவற்றுக்கு 1.5 மி.மீ. கீ பொருந்தும், சிலவற்றில் 0.05 அங்குலக் கீ, அதாவது 1.27 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், பொருந்தாத கீயைப் போட்டு முறுக்கினால் ஸ்க்ரூவின் வாய் தேய்ந்துவிடும், அப்புறம் அதை வெளியே எடுப்பதே பெரிய வேலை. கீயைப் போட்ட பிறகுதான் கவனித்தேன், ஆறு சாடில்களும் ஏற்கெனவே பிரிட்ஜ் தட்டில் படுத்துக் கிடந்தன. ஸ்க்ரூக்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. வலது உள்ளங்கையைப் பிரிட்ஜில் வைத்து வாசிக்கும்போது ஏதோ குத்துகிறதே என்று இத்தனை நாள் நினைத்தது இந்த ஸ்க்ரூக்களைத்தான். இறக்க இன்னும் ஒரு மயிரிழை கூட இடமில்லை.

அப்போது செய்தது பெரிய தவறு. நெக்குக்குள் ஓடும் எஃகுத் தண்டு, அதாவது ட்ரஸ் ராட், அதை இறுக்கினால் கம்பி இறங்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அரைச் சுற்று இறுக்கினேன், கொஞ்சம் இறங்கியது. இன்னும் கால் சுற்று. 12-வது ஃப்ரெட்டில் மொத்தமாகக் கால் மி.மீ. கூடக் குறையவில்லை, ஆனால் முதல் ஐந்து ஃப்ரெட்டிலும் கம்பி ஜிர்ரென்று உரச ஆரம்பித்தது. நெக் பின்பக்கமாக வளைந்துவிட்டது. ட்ரஸ் ராட் கம்பி உயரத்துக்கான கருவி இல்லை. சுருதிக்கு ஏற்றிய ஒரு 10–46 செட் (சன்னக் கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046) நெக்கை மொத்தமாகச் சுமார் 46 கிலோ விசையில் முன்னால் இழுக்கிறது, அந்த இழுப்புக்கு எதிராக நெக்கின் வளைவைச் சரியான அளவில் வைப்பது மட்டும்தான் ட்ரஸ் ராட்டின் வேலை. வளைவு மாறினால் உயரமும் கொஞ்சம் மாறும் என்பது உண்மை. ஆனால் உயரத்துக்காக வளைவைக் கெடுப்பது சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று உடம்பை வளைத்துக்கொள்வது போலத்தான்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் பல வருடமாக வாசிக்கும் ஒருவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கிட்டாரைக் கையில் வாங்கியதும் வாசிக்கவே இல்லை, பிரிட்ஜை மட்டும் ஒரு நிமிடம் பார்த்தார். "சாடில் எல்லாம் அடியில் கிடக்கு, இதுக்கு மேல பிரிட்ஜில் உனக்கு ஒரு வேலையும் இல்லப்பா. நெக் உட்கார்ந்திருக்கிற கோணம் தப்பு. கழற்றிப் பார்" என்றார். நெக்கைக் கழற்றுவதா என்று எனக்குப் பக்கென்றது. "கழற்றத்தானே ஸ்க்ரூ போட்டிருக்கான்" என்றார்.

அவர் சொன்னது வரலாற்றளவில் உண்மை. 1950-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் உறுதியான மரக்கட்டை உடலில் நெக்கை ஒட்டாமல் ஸ்க்ரூவால் பூட்டி விற்கத் தொடங்கியது. வேகமாகச் செய்யலாம், கெட்டுப்போனால் நெக்கை மட்டும் மாற்றலாம். போல்ட் என்று பெயர் வந்துவிட்டதே தவிர பெரும்பாலான கிட்டார்களில் இருப்பவை மர ஸ்க்ரூக்கள்தான். நெக் உட்காரும் பள்ளத்தில் மெல்லிய துண்டு ஒன்றை வைத்துக் கோணத்தைச் சரிசெய்வது, அதாவது ஷிம் வைப்பது, அந்தத் தொழிற்சாலையிலேயே வழக்கமாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கழற்றாமலே கோணத்தை மாற்ற நெக்கின் பின்தட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ கூட வைத்தார்கள், மைக்ரோ டில்ட் என்று பெயர். உங்கள் கிட்டாரின் பின்தட்டில் அந்தச் சின்ன ஓட்டை இருந்தால் இந்தப் பதிவில் பாதி வேலை உங்களுக்குத் தேவைப்படாது.

நெக்கைத் தொடுவதற்கு முன்னால் அவர் சில விஷயங்களைப் பார்க்கவைத்தார், அந்த வரிசை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். முதலில் ட்ரஸ் ராட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வளைவை அளந்தோம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு, உடலோடு நெக் சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால், அதாவது தடிமன் குறித்த மெல்லிய உலோகத் தகடுகளால், பார்க்க வேண்டும். வண்டி வேலைக்கு வைத்திருக்கும் அதே ஃபீலர் கேஜ்தான். 0.25 மி.மீ. இருந்தால் பெரும்பாலான நெக்குக்கு நல்லது. அடுத்து நட், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்தக் காடிக்கட்டை. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும், தெரிந்தது. கைப்பிடியால் அசைக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் என்பதால் அதன் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்த்தோம். சில கிட்டாரில் தடித்த கம்பி மாட்டியதால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து உயரம் கூடியிருக்கும், முதுகில் இருக்கும் ஸ்பிரிங் ஸ்க்ரூவை இறுக்கினாலே சரியாகிவிடும். என்னுடையது உடலோடு ஒட்டித்தான் இருந்தது.

கடைசியாக, நீளமான நேர்ப்பட்டை ஒன்றை ஃப்ரெட்டுகள் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டிப் பார்த்தோம். சாடிலின் உச்சி அந்தக் கோட்டுக்குச் சுமார் 3 மி.மீ. மேலே இருந்தால் 12-வது ஃப்ரெட்டில் வசதியான உயரம் கிடைக்கும். எனக்கு 5 மி.மீ.க்கும் மேலே இருந்தது, அதுவும் சாடில்கள் அடியோடு இறங்கிய நிலையில். அந்த ஒரு அளவில் எனக்கு முழுப் பிரச்சினையும் விளங்கிவிட்டது. நெக் முன்பக்கமாகத் தலை தூக்கி நிற்கிறது, அதனால் அதன் நீட்சி பிரிட்ஜுக்கு ரொம்பக் கீழே போய் முடிகிறது.

கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டு நெக் ஸ்க்ரூக்களைக் கழற்றினோம். ஒரே ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், நான்கையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது நல்லது. ஸ்க்ரூ டிரைவர் முனை ஸ்க்ரூவின் தலையில் இறுக்கமாக உட்கார வேண்டும். பவர் டிரில்லைக் கண்டிப்பாகப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், மரத்தில் வெட்டியிருக்கும் மரை போய்விட்டால் நெக் இறுக்கமாக உட்காராது. பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் ஆட்டாமல் நேராக மெதுவாகத் தூக்க வேண்டும், பள்ளத்தின் ஓரச் சுவர் மெல்லியது, விரிசல் விடும்.

நெக் வெளியே வந்ததும் பள்ளத்தில் மடித்த உப்புத்தாள் துண்டு ஒன்று கிடந்தது. பள்ளத்தின் முன்விளிம்பில், தலைப்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவுக்கு அருகில். கேஜில் அளந்தால் அரை மி.மீ. இருந்தது. முன்பு யாரோ கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறது என்று உயரத்தைக் கூட்ட வைத்திருக்கிறார்கள் போல. சாடிலைத் திருப்பியே அதைச் செய்திருக்கலாம்.

இங்கேதான் இந்த விஷயத்தின் சாரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஷிம்மைப் பள்ளத்தின் பின்விளிம்பில், அதாவது பிரிட்ஜ் பக்கம் வைத்தால் நெக்கின் அடிப்பாகம் தூக்கிக்கொள்ளும், தலை பின்னால் சாயும், கம்பி ஃப்ரெட்டை நெருங்கும். முன்விளிம்பில் வைத்தால் தலை முன்னால் வரும், கம்பி விலகும். பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய 7 செ.மீ.தான், ஆனால் அதன் முன்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் வரை 25 செ.மீ. அளவுக்குத் தூரம் இருக்கிறது, அதனால் சின்னத் துண்டு அங்கே போய்ச் சேரும்போது பெரிதாகிவிடுகிறது. பின்விளிம்பில் அரை மி.மீ. வைத்தால் சாடில் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. வித்தியாசம் வரும். சாடிலில் வரும் மாற்றத்தில் பாதிதான் 12-வது ஃப்ரெட்டில் தெரியும், ஏனென்றால் அது கம்பியின் நடுப்புள்ளி. ஆகவே அரை மி.மீ. ஷிம் 12-வது ஃப்ரெட்டில் சுமார் 0.9 மி.மீ. உயரத்தைக் குறைக்கும். இந்தக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதைக் கழற்றாமலே முன்கூட்டி மதிப்பிடலாம், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி மரையைத் தேய்க்க வேண்டாம்.

நான் அன்றைக்கு அந்தக் கணக்கைப் போடவில்லை, படிப்படியாகத்தான் போனேன். முதலில் உப்புத்தாளை எடுத்துவிட்டு வெறுமனே மாட்டிப் பார்த்தேன். 2.5-ம் 2.0-ம் வந்தது. பெரிய முன்னேற்றம், ஆனால் சாடில்கள் இன்னும் தரையில்தான். அடுத்து ஒரு விசிட்டிங் கார்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான பட்டை வெட்டி, பின்விளிம்பில் வைத்து மாட்டினேன். 2.0, 1.5. வாசிக்க ரொம்பவே இதமாக இருந்தது, ஆனாலும் சாடில்களை ஏற்றவோ இறக்கவோ இடம் வேண்டுமே. இரண்டு அடுக்காக வைத்ததும் 1.6, 1.1 என்று இறங்கி உரசத் தொடங்கியது. அதுதான் எனக்கு வேண்டிய நிலை. அதற்குப் பிறகு சாடில்களை ஏற்றி 1.8, 1.5-இல் நிறுத்தினேன். நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூக்கள் உள்ளே போய்விட்டன, கையில் ஒன்றும் குத்தவில்லை.

திரும்ப மாட்டும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்ததும் முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் டக் என்று விழுவது கையில் தெரியும், பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் இறுக்க வேண்டும். நான்கையும் பிடிமானம் வரும் வரை இறுக்கிவிட்டு, கடைசி இறுக்கத்துக்கு முன்னால் முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் ஃப்ரெட்டின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நெக்கைப் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளு. எல்லாம் முடிந்து சுருதி ஏற்றிய பிறகு அண்ணா இன்னொன்று செய்யச் சொன்னார்: கம்பிகள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நான்கு ஸ்க்ரூவையும் கால் சுற்று மட்டும் தளர்த்து, உடனே இறுக்கு. லேசாக முனகுவது போல ஒரு சத்தம் வந்தது, நெக் பள்ளத்தின் பின்சுவரில் போய் நன்றாகப் பதிந்துகொண்டது. கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

ஷிம் என்ன பொருளில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. விசிட்டிங் கார்டு தற்காலிகத்துக்குப் போதும், அளவைக் கண்டுபிடிக்க அதைவிட வசதியானது இல்லை. அட்டைப்பெட்டி அட்டை, ஸ்பாஞ்சு போன்ற நசுங்கும் எதுவும் கூடாது, இன்றைக்கு ஓர் உயரம் அடுத்த மாதம் வேறு உயரம் என்று ஆகிவிடும். பசை எதுவும் தேவையில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் பட்டை வைத்தால் நடுவில் காற்று இடைவெளி இருக்கும், அதனால் சத்தம் கெடும் என்பார்கள், என் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு இருந்த கவலை வேறு: அந்த இடைவெளிக்கு மேலே ஸ்க்ரூ வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் நெக்கின் அடிப்பாகம் மெல்ல வளைந்து, கடைசி ஃப்ரெட்டுகள் மேடாகிவிடுமோ என்பது. அதனால் சில வாரம் கழித்துப் பள்ளம் முழுவதையும் நிரப்பும் ஆப்பு வடிவ மர ஷிம் ஒன்றை வைத்தேன். கால், அரை, ஒரு டிகிரி என்று கிடைக்கின்றன, என் இரண்டு அடுக்குக் கார்டுக்கு அரை டிகிரி கிட்டத்தட்ட சமம். சாடில்களை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், அவ்வளவுதான்.

உயரம் மாறியதும் மற்றவையும் மாறும். சாடில்கள் ஆறும் ஒரே மட்டத்தில் இருக்கக்கூடாது, ஃப்ரெட் பலகையின் வளைவையே பின்பற்ற வேண்டும், நடுக்கம்பிகள் சற்று மேலே. ஒவ்வொரு சாடிலின் இரண்டு ஸ்க்ரூவும் சமமாக இருக்க வேண்டும். அப்புறம் இன்டோனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக இருப்பது: 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அதே இடத்தில் அழுத்தி வாசித்த ஸ்வரமும் ஒத்துப்போகிறதா என்று டியூனரில் பார்த்து, அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னால், குறைவாக இருந்தால் முன்னால் நகர்த்த வேண்டும். கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் வாங்கும் பிக்கப்பின் உயரத்தை நான் மறந்துவிட்டேன், இரண்டு நாள் தடித்த கம்பியில் சுருதி அலைவது போல விநோதமான ஒலி வந்தது. நெக்கின் கோணம் மாறியதில் கம்பி காந்தத்துக்கு அருகில் போயிருந்தது, காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்து, ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. என்று இறக்கியதும் போய்விட்டது.

உரசல் எங்கே வருகிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்பதையும் இந்த வேலையில்தான் கற்றேன். எதையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் உரசினால் நட்டின் காடி ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டில் என்றால் நெக் தேவைக்கு மேல் நேராகிவிட்டது. மேலே போகப்போக என்றால் சாடில் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது, அதற்கு எந்த ஸ்க்ரூவும் மருந்தாகாது, ஃப்ரெட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ட்ரஸ் ராட்டின் முனை தலைப்பக்கம் இல்லாமல் நெக்கின் அடிப்பாகத்தில் இருக்கும் பழைய பாணி கிட்டார்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் வளைவை மாற்றவே நெக்கைக் கழற்றவோ தளர்த்தவோ வேண்டியிருக்கும். ஷிம் வேலையையும் அதே நேரத்தில் முடித்துவிடுங்கள், ட்ரஸ் ராட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. 12-வது ஃப்ரெட் அளவு, எட்டாவது ஃப்ரெட் வளைவு, பிக்கப் உயரம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கிட்டார் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். நடுவில் காற்றில் ஈரம் கூடிய ஒரு பருவத்தில் கம்பி உயர்ந்தது போலத் தோன்றியது. அளந்தால் வளைவு 0.25-இலிருந்து 0.35 ஆகியிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. ட்ரஸ் ராட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுநாள் காலையில் மறுபடி அளந்தேன். 0.25. நெக் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை.